அடிபட்டு முன்பல் கறுத்த பிள்ளைகள்: உங்க வீட்டுல என்ன நடந்துச்சு?

தங்கச்சிமடம், சின்னப் பையனோட அம்மா:

மீன்பிடித் தடைக்காலத்துல படகெல்லாம் கரையில கிடக்கும்ல, அப்ப நடந்தது. ஏப்ரல் கடைசி. அவங்க அப்பா முற்றத்துல வலையை விரிச்சுப்போட்டுக் கிழிசல் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. மகன் அதுமேல ஓடி, கால் சிக்கி, ஐஸ் பெட்டி விளிம்புல வாய் பட விழுந்துட்டான். ரெண்டு வயசு முடிய ஒரு மாசம் இருந்துச்சு. வாயெல்லாம் ரத்தம். சேலைத் தலைப்பை நனைச்சு அழுத்திப் பிடிச்சேன், பத்து நிமிஷத்துல நின்னுருச்சு. உதடு வீங்கியிருந்துச்சு, மேல் முன்பல் ஒண்ணு லேசா ஆடுச்சு. ராத்திரி தயிர்சோறு சாப்பிட்டான், தூங்கிட்டான். தப்பிச்சோம்னு நெனச்சேன்.

பன்னெண்டாவது நாள் பல் தேய்ச்சு விடுறப்ப வெயில்ல பார்க்குறேன், அந்த ஒரு பல் மட்டும் அடுப்புச் சாம்பல் நிறத்துல இருக்கு. பக்கத்துப் பல்லு பால் மாதிரி வெள்ளை. அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள தெருவுல ஆளுக்கொண்ணு சொல்லிட்டாங்க. நரம்பு செத்துப்போச்சு, பிடுங்கிரு, இல்லேன்னா அடியில வர்ற பல்லும் கறுப்பாத்தான் முளைக்கும்னு. மாமியார் சொன்னது ஒரே வார்த்தை: "அந்தப் பெட்டியை அங்கிட்டு நகத்தி வச்சிருக்கலாம்லத்தா." அது ரெண்டு ராத்திரி என்னைத் தூங்க விடலை.

மறுநாள் பஸ் ஏறி ராமநாதபுரத்துல ஒரு பல் டாக்டரம்மாகிட்ட போனோம். சின்னதா ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டுச் சொன்னாங்க: "நகத்துல சுத்தியல் பட்டா ரத்தம் கட்டிக் கறுக்குதுல்ல, கிட்டத்தட்ட அது மாதிரிதான்மா. பல்லுக்கு நடுவுல ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுற கூழ் இருக்கு. அடிபட்ட வேகத்துல அங்க ரத்தம் கசிஞ்சு பல்லுக்குள்ள ஊறியிருக்கு." நிறம் மாறுனதுக்காக மட்டும் பால் பல்லைப் பிடுங்க வேண்டாம், வேர் சிகிச்சையும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. சில பிள்ளைகளுக்குச் சில மாசத்துல தெளிஞ்சிரும், சிலருக்கு விழுற வரைக்கும் அப்படியே இருக்குமாம். அடியில வர்ற பல் தனி, இதோட நிறம் அதுல ஒட்டாதுன்னும் சொன்னாங்க. அதைக் கேட்டப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

பார்க்க வேண்டியது ஈறைத்தான். பல்லுக்கு மேல ஈறுல சீழ்க் கொப்புளம், வீக்கம், பல் திரும்ப ஆடறது, கடிக்கிறப்ப வலி, காய்ச்சல், இதுல எது வந்தாலும் உடனே வரச் சொல்லியிருக்காங்க. உங்க பிள்ளைகளுக்கு எப்படி ஆச்சுன்னு சொல்லுங்க.

உச்சிப்புளி, மூணு பேத்திகளோட அப்பத்தா:

பயப்படாதத்தா. என் மூத்த பேத்தி மூணு வயசுல கிணத்தடியில வழுக்கி விழுந்தா. அவளுக்குச் சாம்பல் நிறம் வரலை, நாலஞ்சு மாசம் கழிச்சுப் பல் மஞ்சளாப் போச்சு, பழைய தந்தம் மாதிரி. கூழ் இருக்கிற இடம் உள்ளுக்குள்ளேயே கெட்டியாகி அடைஞ்சா அப்படி மஞ்சளிக்குமாம், ஒண்ணும் செய்ய வேண்டாம்னாங்க. ஏழாவது வயசுல தானா விழுந்துச்சு. புதுப்பல்லு நேரா வந்திருக்கு, ஓரத்துல அரிசி முனை அளவு ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். அந்தப் புள்ளி பழைய அடியால வந்திருக்கலாம்னாங்க. சின்ன வயசுல பலமா அடிபட்டா உள்ள வளர்ற பல்லுல அப்படி ஒரு தடம் விழுறது உண்டாம்.

கீழக்கரை, ஒரு வாப்பா:

என் மகள் விஷயத்தை மறைக்காம எழுதுறேன், யாருக்காவது உதவட்டும். நான் அப்ப வெளிநாட்டுல இருந்தேன். பல் கறுத்ததை வீடியோ காலில் காட்டினார்கள். "பால் பல்தானே, விழப்போறதுதானே" என்று சொல்லிவிட்டேன். நாலு மாதம் யாரும் ஈறைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஊருக்கு வந்த அன்று மடியில் உட்கார வைத்துச் சிரிக்க வைக்கிறேன், பல்லுக்கு மேலே பரு மாதிரி ஒன்று. அழுத்தினால் சீழ். பிள்ளை ஒரு நாளும் வலிக்கிறது என்று சொன்னதில்லை. சீழ் வெளியேற வழி கிடைத்துவிட்டால் வலி தெரியாமலே இருக்கும் என்று பிறகுதான் புரிந்தது. பல்லை எடுக்க வேண்டியதாகிவிட்டது. மூன்றரை வயதில் எடுத்தது, புதுப்பல் வர ஆறேழு வயதாகும். பேச்சு கெடவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள். ஆனால் அந்த நாலு மாதத்தை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. வாரம் ஒரு முறை உதட்டைத் தூக்கிப் பாருங்கள்.

மண்டபம், அங்கன்வாடிப் பணியாளர்:

எல்லாக் கறுப்பும் அடிபட்ட கறுப்பு இல்லைங்க. இரும்புச்சத்து டானிக் குடிக்கிற பிள்ளைகளுக்குப் பல பற்கள்ல மேலாக் கறை படியும், அது வெளிப்பூச்சு, பல் டாக்டர் தேய்ச்சு எடுத்துரலாம். ஒரே ஒரு பல் மட்டும் உள்ளிருந்து நிறம் மாறினா, பிள்ளை எப்பவாவது விழுந்துச்சான்னு யோசிச்சுப் பாருங்க. ராத்திரி பால் புட்டியோட தூங்குற பிள்ளைகளுக்கு முன்பற்கள் வரிசையாப் பழுப்பாகி அரிக்கும், அது சொத்தை. அதை நிறம்னு விட்றாதீங்க.

தொண்டி, ஒரு அத்தை:

எங்க அண்ணன் மகன் கடற்கரையில படகு விளிம்புல மோதிட்டான். பல்லைக் காணோம். மணலைச் சலிச்சுத் தேடுனோம், எங்க அண்ணி அழுத அழுகை கொஞ்சமில்ல. எக்ஸ்ரேயில பார்த்தா பல் முழுசும் ஈறுக்குள்ள ஏறிப்போய் இருக்கு! எடுக்கலை, காத்திருக்கச் சொன்னாங்க. அஞ்சு மாசத்துல தானா இறங்கி வந்துருச்சு. அதனால பல்லைக் காணோம்னா தேடுறதோட நிறுத்தாம படம் எடுத்துப் பார்த்திருங்க.

பரமக்குடியில வேலை பார்க்கிற நர்ஸ், சொந்த ஊர் தேவிபட்டினம்:

ஒண்ணு சேர்த்துக்கிறேன். பால் பல் முழுசா வெளிய வந்துட்டா அதைத் திரும்பக் குழியில அமுக்கி வைக்கவே கூடாது, அடியில வளர்ற பல் கெட்டுப்போகும். ஆறேழு வயசுக்கு மேல முளைச்ச நிலைப்பல்னா அப்படியே தலைகீழ்: வேரைத் தொடாம, வெள்ளைப் பகுதியைப் பிடிச்சு, லேசா அலசி உடனே குழியில வைக்கணும். முடியலேன்னா பாலில் போட்டு அரைமணி, ஒரு மணி நேரத்துக்குள்ள பல் டாக்டர்கிட்ட ஓடணும். எங்க வீட்டுப் பக்கத்துப் பையனோட பல்லைத் துணியில முடிஞ்சு மத்தியானம் கொண்டுவந்தாங்க, காஞ்சு போயிருந்துச்சு. இன்னொண்ணு, விழுந்த பிள்ளை வாந்தி எடுத்தாலோ, மயங்கினாலோ, எழுப்ப முடியாம தூங்கினாலோ பல்லைப் பத்தி யோசிக்காதீங்க, முதல்ல பெரிய ஆஸ்பத்திரி.

தங்கச்சிமடம், சின்னப் பையனோட அம்மா:

எல்லாருக்கும் நன்றி. இப்ப அஞ்சு மாசம் முடிஞ்சிருச்சு. முதல் பத்து நாள் குழைஞ்ச சோறு, இட்லி, ஆறுன கஞ்சி மட்டும் கொடுத்தோம், மெல்லிசு பிரஷ்ல மெதுவாத் தேய்ச்சோம். சாம்பல் நிறம் கொஞ்சம் வெளிறியிருக்கு, முழுசாப் போகலை. கீழக்கரை அண்ணன் எழுதுனதைப் படிச்சதுல இருந்து ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும் வாசல் வெளிச்சத்துல உக்கார வச்சு உதட்டைத் தூக்கிப் பார்க்குறேன். இப்ப அவனே வந்து ஈன்னு காட்டுறான். நேத்துப் பார்த்தேன், ஈறு இளஞ்சிவப்பாத்தான் இருக்கு.