பாம்பும் சிறுத்தையும் செதுக்கிய கல் கிண்ணங்கள்

கோத்தகிரி வாசகி: ஈரானின் ஜிரோஃப்ட் கல் பாத்திரப் படங்களைப் பார்த்தேன். பாம்பும் சிறுத்தையும் பின்னிக்கொண்டு சண்டை போடுகின்றன. உடம்பெல்லாம் ஏன் குழி குழியாக இருக்கிறது? இரும்பு வராத காலத்தில் எப்படிச் செதுக்கினார்கள்?

ஊட்டி டீச்சர்: குழிகளில் வண்ணக் கல் பதித்திருந்தார்கள், பலவற்றில் உதிர்ந்துவிட்டது. கல் குளோரைட்டும்மா. நம்ம கல்சட்டி செய்யும் மாக்கல் மாதிரி மென்மையானது, இரும்பு தேவையில்லை. கி.மு. 3000-2000 காலத்தவை. 2001 வெள்ளத்தில் கல்லறைகள் வெளியே தெரிந்ததும் கொள்ளை போய்விட்டன. எந்தக் கிண்ணம் யார் பக்கத்தில் இருந்தது என்ற தடயமே போச்சு, நினைத்தாலே வயிறு எரிகிறது.

குன்னூர்க்காரன்: துர்க்மெனிஸ்தானின் கோனூர் தெப்பேயையும் பாருங்க, தொல்லியலாளர் சரியனிதி தோண்டிய வெண்கலக் கால ஊர். அந்த ஊர் மக்களின் பண்பாட்டு முத்திரைகளிலும் பாம்பு, கழுகு உண்டு.

கோத்தகிரி வாசகி: ரொம்ப நன்றி டீச்சர். நம்ம நீலகிரிக் கல்லறைப் பானை மூடிகளில் எருமை சும்மா நிற்கிறது. அங்கே மட்டும் ஏன் இத்தனை சண்டை?