கைக்குழந்தையோடு கடற்கரைக் கல்யாணம்: யோசனை சொல்லுங்கள்

ஆச்சிமார்களே, அக்காமார்களே, ஒரு உதவி. தை மாதம் தம்பிக்குக் கல்யாணம். காரைக்குடியில் இவ்வளவு பெரிய வளவு வீடு இருக்க, மாமல்லபுரம் கடற்கரையில்தான் தாலி கட்டுவேன் என்கிறான். சரி, அவன் ஆசை. என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம் நடக்கும்.

பல்லவன் ரயிலில் காலையில் ஏறினால் செங்கல்பட்டில் இறங்கிக்கொள்ளலாம். ஆனால் உட்கார்ந்தே போக வேண்டும். ராமேசுவரத்திலிருந்து வரும் இரவு ரயிலில் படுக்கை உண்டு, விடிகாலையில் இறங்க வேண்டியிருக்கும். கைக்குழந்தைக்கு எது தேவலை? வீட்டுக்காரர் காரில் போகலாம் என்கிறார். அத்தனை தூரம் மடியில் வைத்துக்கொண்டு போக எனக்கு மனமில்லை.

பெரிய கவலை தூக்கம்தான். இங்கே உத்தரத்துக் கொக்கியில் சேலைத் தூளி கட்டினால்தான் கண் மூடுவாள். விடுதி அறையில் எங்கே கட்டுவது? மடக்குகிற தொட்டில் ஸ்டாண்டு வைத்திருப்பவர்கள், அதை ரயிலில் கொண்டுபோக முடிகிறதா என்று சொல்லுங்கள்.

முகூர்த்தம் ஒன்பது மணிக்கு மேல், வெயில் ஏறிவிடும். ஆறு மாதத்துக்குள் சன்ஸ்கிரீன் வேண்டாம் என்பதால் குடையும் பருத்திச் சட்டையும்தான். (தண்ணீர் கொடு என்று அப்பத்தா விடாமல் சொல்கிறார், ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும்.) அப்புறம், நாத்தனார் முடிச்சு நான் போடும்போது பக்கத்திலேயே கெட்டிமேளம் முழங்குமே! காதை மூடும் ஹெட்போன் மாதிரி விற்கிறார்களே, இவ்வளவு சின்னக் குழந்தைக்கு யாராவது போட்டிருக்கிறீர்களா?