தொண்டைமான் புத்தகத்தோடு கோயிலுக்குப் போகிறவர்களுக்கு

தொ.மு. பாஸ்கரத் தொண்டைமானின் கோயில் கட்டுரைகளான ‘வேங்கடம் முதல் குமரி வரை’யைத் தலபுராணத் தொகுப்பு என்று ஒதுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரிய இழப்பு. மனிதர் வருவாய்த் துறை அதிகாரி, கவிதை ரசனைக்குப் பேர்போன ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்தில் ஊறியவர். இரண்டும் எழுத்தில் தெரியும். கட்டுரை பெரும்பாலும் ஒரு பாட்டிலோ சின்னக் கதையிலோ தொடங்கும். அவசரக்காரர்கள் அங்கேயே மூடிவிடுகிறார்கள். எந்த ஸ்டேஷனில் இறங்குவது, எத்தனை மைல், உள்ளே எதை நின்று பார்ப்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

மைலை 1.6-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். மாவட்டப் பெயரை அப்படியே நம்பித் தேடாதீர்கள். அவர் காலத்துத் தஞ்சை ஜில்லா இன்று திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று பிரிந்து கிடக்கிறது. நெல்லையிலிருந்து தூத்துக்குடி 1986-லும் தென்காசி 2019-லும் பிரிந்தன.

---

மேலே சொன்னதோடு ஒன்று. கோயிலில் இருந்த எல்லாச் சிலையும் இன்று கோயிலிலேயே இருக்காது. தாராசுரத்துக் கஜசம்ஹாரரை, அதாவது யானையைக் கொன்ற சிவனை, தாராசுரத்தில் தேடினால் ஏமாற்றம்தான். அவர் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கிறார். காளைமேல் கை சாய்த்து நிற்கும் சிவனான திருவெண்காட்டு ரிஷபவாகனரும் அங்கேதான். காளை இல்லை, ஆனால் அதன்மேல் சாய்ந்த கை மட்டும் அந்தரத்தில் அப்படியே நிற்கும், தலையில் பாம்புகளைச் சுற்றிக் கட்டிய ஜடை. 1951-ல் அந்தக் கலைக்கூடம் உருவாக முன்னின்றவரே தொண்டைமான்தான். தஞ்சையை ஒட்டிய கரந்தையில் கிடந்த பிரம்மா சிலை ஊரை விட்டுப் போகாமல் தடுத்ததில் தொடங்கிய வேலை அது. எழுதியதோடு நிற்காமல் காப்பாற்றியும் வைத்தார் என்பதற்காகவே அவரைக் கூடுதலாகப் பிடிக்கும்.

---

நெல்லைப் பக்கம் போகிறவர்கள் கிருஷ்ணாபுரத்தை விடாதீர்கள், திருச்செந்தூர் சாலையிலேயே இருக்கிறது. மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போங்கள். நாகாஸ்திரத்தோடு கர்ணன், இளவரசியைத் தோளில் தூக்கி ஓடும் குறவன் என்று ஒவ்வொரு தூணிலும் கால் மணி நேரம் போய்விடும்.

நூல்கள் நாட்டுடைமை ஆனவை, தமிழ் விக்கிமூலத்தில் இலவசமாகப் படிக்கலாம். ஸ்கேன் படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரியில் (OCR) ‘ர’வும் துணைக்காலும் மாறி விழுந்திருக்கும். பாட்டு வரிகளில் இது பொருளையே கெடுத்துவிடும். சந்தேகம் வந்தால் பக்க எண்ணைத் தட்டுங்கள், ஸ்கேன் படம் பக்கத்திலேயே திறக்கும். மன்னர் பெயர், ஆண்டு இரண்டையும் மட்டும் கல்வெட்டுத் தொகுதிகளோடு ஒப்பிட்ட பிறகே மேற்கோள் காட்டுங்கள். அவர் எழுதியபின் படிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஏராளம். வடநாட்டுக் கோயில்கள் வேண்டுமென்றால் ‘வேங்கடத்துக்கு அப்பால்’ தனி நூல்.