கிராவிட்டி ஃபார்முலா மாறினா பூமிக்கு ஒண்ணும் ஆகாதா?

தூக்கம்வராதவன்:
டார்க் மேட்டரே (கண்ணுக்கு தெரியாம இழுக்குதுன்னு சொல்ற பொருள்) கிடையாது, கிராவிட்டி ஃபார்முலாவ மாத்தினா போதும்னு சொல்ற மோண்ட் தியரி பத்தி நேத்து ராத்திரி ஒரு வீடியோ பாத்தேன், கேலக்ஸிக்கு கணக்கு சரியா வருதாம், சரி, ஆனா அதே கிராவிட்டிதான நம்ம பூமியையும் சுத்த வைக்குது, அப்போ 365 நாள் கணக்கே ஆட்டம் காணாதா?

மொட்டைமாடி டெலஸ்கோப்:
காணாது. மோண்ட உருவாக்கின மில்க்ரோம் 1983லயே அதுக்கு வழி வெச்சுட்டாரு. இழுவை ரொம்ப ரொம்ப கம்மியான இடத்துலதான் ஃபார்முலா மாறும். சூரியன் பூமிய இழுக்குறது அந்த எல்லைய விட சுமார் 5 கோடி மடங்கு ஜாஸ்தி. பூமி-சூரியன் தூரத்தப் போல கிட்டத்தட்ட 7000 மடங்கு தள்ளி போனாத்தான் அந்த எல்லையே வரும், நெப்டியூனே 30 மடங்குலதான் இருக்கு.

பழைய வாத்தியார்:
தம்பி, கிரகத்த விட நட்சத்திரம்தான் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். 1937ல டிராக்னு ஒரு இயற்பியலாளர், ஜி-யோட (கிராவிட்டி எவ்வளவு பலம்னு சொல்ற எண்) மதிப்பு காலம் போகப்போக குறையுதுன்னு ஒரு யோசனை சொன்னாரு. 1948ல டெல்லர்னு இன்னொரு இயற்பியலாளர் கணக்கு போட்டாரு, சூரியனோட வெளிச்சம் ஜி-யோட ஏழாவது அடுக்குல ஏறும், ஏன்னா இழுவை கூடினா நடுவுல சூடு ஏறணும், இல்லன்னா தாங்காது. ஆக, முன்னாடி ஜி வெறும் 10% கூட இருந்திருந்தா வெளிச்சம் ரெண்டு மடங்கு, அதோட பூமியும் கிட்ட வந்துடும், கடல் கொதிக்கிற பக்கம் போயிடும். ஆனா அந்தக் காலத்து பாறையில உயிர் இருந்த தடம் இருக்கே!

ஜீரோ_பாயிண்ட்:
வாத்தியாரே, ஒரு திருத்தம். டெல்லர் போட்டப்ப பிரபஞ்சத்துக்கு வயசு 200 கோடி வருஷம்னு நினைச்சிட்டிருந்தாங்க, வயசு அதைவிட ரொம்ப ஜாஸ்தின்னு தெரிஞ்சதும் டிராக் கணக்குல ஜி குறையுற வேகமும் கம்மியாகி அந்த வாதம் பலவீனமாயிடுச்சு. டிராக்க நிஜமா கவுத்தது 1969ல இருந்து நிலாவுல வெச்ச கண்ணாடிங்கதான், லேசர் அடிச்சு தூரத்த அளந்தா ஜி அவர் சொன்ன வேகத்துல நூத்துல ஒரு பங்கு கூட மாறல.

தூக்கம்வராதவன்:
செம. அப்போ மோண்ட எங்கதான் டெஸ்ட் பண்றது?

மொட்டைமாடி டெலஸ்கோப்:
தள்ளித்தள்ளி சுத்துற ஜோடி நட்சத்திரங்கள்ல, அங்கதான் இழுவை அவ்வளவு கம்மி. 2023ல கையா விண்வெளி டெலஸ்கோப்போட டேட்டாவ வெச்சே ஒருத்தர் மோண்ட் தெரியுதுன்னாரு, இன்னொரு குழு நியூட்டனே போதும்னுச்சு, சண்டை ஓடிட்டிருக்கு. நமக்குப் பக்கத்துல உள்ள ஜோடின்னா பிராக்ஸிமா நட்சத்திரம், ஆல்ஃபா செண்டாரிய சுத்துது, ஆனா ஒரு சுத்துக்கு 5 லட்சம் வருஷத்துக்கு மேல, நோட்டு போட்டு உக்காந்துறாதீங்க.