பிளஸ் டூ தேதிகள்: பட்டியல் வேண்டாம், பட்டதைச் சொல்லுங்கள்

சத்துவாச்சாரி அம்மா

வணக்கம். என் பெண் இந்த ஜூனில் பிளஸ் டூ போகிறாள். அரசு உதவி பெறும் பள்ளி. கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப், அதனால் இன்ஜினியரிங், மெடிக்கல் என்று இரண்டு பக்கமும் பார்க்கலாம் என்கிறாள். சரி, பார்க்கட்டும். ஆனால் இரண்டு பக்கம் என்றால் தேதிகளும் இரண்டு மடங்கு என்பதைப் போன வருசம் என் அக்கா மகன் விஷயத்தில் தெரிந்துகொண்டேன்.

செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, பொங்கல் முடிந்ததும் திருப்புதல், பிப்ரவரியில் செய்முறை, மார்ச்சில் பொதுத்தேர்வு. இதையெல்லாம் பள்ளிக்கூடமே பார்த்துக்கொள்ளும். நடுவில் ஜேஇஇ, நீட், நம்ம ஊர் வி.ஐ.டி. நுழைவுத்தேர்வு என்று ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு கடைசித் தேதி வருகிறதே, அதை யார் பார்ப்பது? பையன் பார்த்துக்கொள்வான் என்று அக்கா இருந்தாள். ஸ்கூலில் சொல்வார்கள் என்று பையன் இருந்தான். ஒரு விண்ணப்பம் அப்படியே போச்சு.

மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டரை ஃப்ரிட்ஜ் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். இதுவரை அதில் பால் கணக்கும் கேஸ் சிலிண்டர் வந்த நாளும்தான். நெட்டில் பட்டியல்கள் கொட்டிக் கிடக்கின்றன. எனக்கு அது வேண்டாம். உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

குடியாத்தம் தறிக்காரர்

அக்கா, நான் லுங்கி நெய்கிறவன். எங்கள் வீட்டில் காலேஜ் படியை மிதித்தவர் யாரும் இல்லை. மகன்தான் முதல். அவன் பிளஸ் டூ முடித்து இரண்டு வருசம் ஆகிறது.

ரிசல்ட் மே முதல் வாரம் வந்தது. பொறியியல் சேர்க்கைக்கு ஜூன் ஆரம்பம் வரை பதிவு செய்யலாம் என்றார்கள். ஒரு மாசம் இருக்கிறதே என்று நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன். முதல் பட்டதாரி சான்றிதழ் இருந்தால் ஃபீஸ் குறையும் என்று மகன் சொன்னதும் இ-சேவை மையத்துக்குப் போனேன். ரேஷன் கார்டு, எங்கள் எல்லாருடைய ஆதார், மகனுடைய டிசி. இவ்வளவும் ஒரு மஞ்சள் பையில்.

அங்கே இருந்த பொண்ணு பையைக் கொட்டிப் பார்த்துவிட்டு, "உங்க டிசி எங்கண்ணா?" என்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டாவதோடு தறியில் உட்கார்ந்தவன் நான். டிசி வாங்குகிற யோசனையே அப்போது யாருக்கும் இல்லை. "வீட்ல யாரும் பட்டதாரி இல்லன்னு காட்டணும்ணா. உங்களுது, அண்ணியுது, பெரிய பொண்ணுது, எல்லாம் வேணும்" என்றது.

சரி என்று நான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போனால் கேட்டில் பூட்டு. மே மாசம்! பள்ளிக்கூடம் லீவு என்பது எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். பக்கத்துப் பெட்டிக்கடையில் விசாரித்து, வாட்ச்மேனைப் பிடித்து, அவர் தலைமை ஆசிரியருக்குப் போன் போட்டுக் கொடுத்தார். நல்ல மனுஷி, மூன்றாம் நாள் வெயிலில் எனக்காகவே வந்தார். பழைய சேர்க்கைப் பதிவேடு கைப்பட்டால் பொடியாக உதிர்கிறது. பக்கம் பக்கமாக ஊதி ஊதிப் புரட்டி, என் பெயரைக் கண்டுபிடித்தோம். எங்கள் அப்பா பெயரில் ஒரு எழுத்து வேறு மாதிரி இருந்தது. "இருக்கறபடிதான் எழுதித் தருவேன்" என்று சொல்லிவிட்டார். அதுவும் நியாயம்தான்.

விண்ணப்பம் ஏற்றினோம். அது முதலில் விஏஓ, அப்புறம் ஆர்ஐ, அதற்கப்புறம் தாலுகா ஆபீஸ் என்று படியேறும். இதற்குள் வைகாசி பிறந்துவிட்டது. எங்கள் ஊரில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தேங்காய் உடைக்கிற கூட்டத்தில் ஆற்றோரம் நிற்கிறேன், எதிரே எங்கள் விஏஓ, வேர்வையில் நனைந்து பந்தோபஸ்து பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் சாமியைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சொன்னேன். "அம்மனைக் கும்பிட்டுட்டு வீட்டுக்குப் போய்யா, ரெண்டு நாள் கழிச்சு வா" என்றார்.

இரண்டு நாள் கழித்துப் போனால் விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. ஸ்கேன் தெளிவில்லையாம். மறுபடி ஏற்றினோம். மொத்தம் பத்தொன்பது நாள் ஆயிற்று. பதிவு முடிந்த பிறகும் சான்றிதழ் ஏற்ற மட்டும் சில நாள் விட்டார்கள், அதில்தான் தப்பித்தோம்.

ஜூன் வேலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது டிசம்பர் வேலை. அப்போது பள்ளிக்கூடமும் திறந்திருக்கும், இ-சேவையிலும் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

பேர்ணாம்பட்டுப் பையன்

என் கதை சின்னது. நீட் விண்ணப்பக் கடைசித் தேதி மார்ச்சில், பொதுத்தேர்வு தொடங்கிவிட்ட சமயத்தில் வருகிறது. தமிழ்ப் பரீட்சை முடியட்டும், இங்கிலீஷ் முடியட்டும் என்று தள்ளி, கடைசி நாள் ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தேன். போட்டோ, கையெழுத்து எல்லாம் ஏற்றியாயிற்று. ஓடிபி அப்பா நம்பருக்குப் போகிறது. அப்பா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் நைட் ஷிப்டு. போனை கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

செக்யூரிட்டி அண்ணனுக்கு அம்மா போன் போட்டு, அவர் போய் சூப்பர்வைசரிடம் சொல்லி, அப்பா கேட்டுக்கு ஓடி வந்து நம்பரைப் படிப்பதற்குள் ஓடிபி காலாவதி. மறுபடி அனுப்பு, மறுபடி படி. மூன்றாவது முறைதான் உள்ளே போனது. 11.50க்கு மூடுவார்கள், 11.38க்குப் பணம் கட்டினேன். மறுநாள் பரீட்சை இல்லாதது என் அதிர்ஷ்டம். அக்கா, உங்கள் பெண்ணுக்கு எந்த நம்பர், எந்த மெயில் கொடுப்பது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். வீட்டில் இருக்கிற போனாகக் கொடுங்கள்.

ஆற்காட்டுப் பெண்

எங்கள் தாத்தாவின் சான்றிதழில் வட ஆற்காடு மாவட்டம். அப்பாவுடையதில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், 1989இல் திருவண்ணாமலைப் பக்கத்தைப் பிரித்தபோது வந்த பெயர். என் சாதிச் சான்றிதழில் வேலூர் மாவட்டம். 2019 நவம்பரில் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று தனி மாவட்டங்கள் ஆனதால் தம்பியுடையதில் ராணிப்பேட்டை. நாங்கள் யாரும் வீடு மாறவே இல்லை, மூன்று தலைமுறைக்குள் நாலு பெயர்.

விண்ணப்பத்தில் "மாவட்டம்" என்று ஒரு கட்டம் வந்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. வேலூர் போட்டால் முகவரி தப்பு, ராணிப்பேட்டை போட்டால் சான்றிதழோடு ஒத்துப்போகாது. புதுச் சான்றிதழ் எடுக்க வேண்டும் என்று ஒருவர், வேண்டாம் என்று ஒருவர். மூன்று நாள் இதிலேயே போனது. கடைசியில் பொறியியல் சேர்க்கைக்கான சேவை மையத்துக்கே நேரில் போய்க் கேட்டேன். அங்கே இருந்த சார் தலையைக்கூடத் தூக்கவில்லை. "முகவரிக்கு இப்ப இருக்கற மாவட்டம், சர்டிபிகேட்டுக்கு அதுல இருக்கற மாவட்டம். அடுத்து யாரு?" அவ்வளவுதான். பத்து விநாடி. மூன்று நாள் தூக்கத்தை அந்தப் பத்து விநாடிக்குத்தான் கொடுத்தேன்.

ஓய்வுபெற்ற டீச்சர், அணைக்கட்டுப் பக்கம்

இருபது வருசத்துக்கு மேல் பிளஸ் டூ வகுப்பாசிரியராக இருந்தவள் என்ற முறையில் இரண்டு விஷயம்.

ஒன்று, நாமினல் ரோல். பொதுத்தேர்வுக்குப் போகும் பெயர்ப் பட்டியல். பிள்ளைகளிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவோம். பெயர், இனிஷியல், பிறந்த தேதி சரியா என்று அவர்கள் பார்க்க வேண்டும். பார்க்கவே மாட்டார்கள்! பக்கத்தில் இருப்பவனுடைய இனிஷியலைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். மார்க் ஷீட்டில் அச்சானதும் அதே பிள்ளை அம்மாவோடு வந்து நிற்கும். உங்கள் பெண்ணிடம் சொல்லி வையுங்கள், அந்தத் தாளை ஆதாரோடும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடும் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்க்கட்டும்.

இரண்டு, ரெக்கார்டு நோட்டு. அறிவியல் பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அக மதிப்பீடு 10. பிப்ரவரியில் செய்முறை என்றால் பிப்ரவரியில் தயாரானால் போதும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ரெக்கார்டில் ஒவ்வொரு சோதனைக்கும் அந்தந்த வாரமே கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். ஒரு வருசம், வெளித்தேர்வாளர் மறுநாள் காலை வருகிறார், ஒரு பையன் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து "டீச்சர், ரெக்கார்டு எங்க மாமா பையன் காப்பி அடிக்க எடுத்துட்டுப் போயிட்டான், பள்ளிகொண்டாவுல இருக்கு" என்கிறான். பஸ்ஸுக்கு நான்தான் காசு கொடுத்தேன். ராத்திரி எட்டரைக்கு நோட்டோடு என் வீட்டு வாசலில் நின்றான். கெமிஸ்ட்ரி பாதிக்கு மேல் கையெழுத்தே இல்லை. வராந்தாவில் உட்கார வைத்து ஒவ்வொரு சோதனையாகக் கேள்வி கேட்டு, சொன்னதற்கு மட்டும் போட்டேன். இப்போது நினைத்தால் சொல்லாததற்கும் போட்டிருக்கலாமோ என்று இருக்கிறது. கெட்டிக்காரப் பையன்தான்.

அப்புறம், உதவி பெறும் பள்ளி என்றீர்கள். மெடிக்கல், இன்ஜினியரிங் சேர்க்கையில் இருக்கும் 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. அதற்கான படிவத்துக்காக அலைய வேண்டாம்.

காட்பாடி அப்பா

தீபாவளிச் சமயத்தில் ஜேஇஇ ஜனவரித் தேர்வுக்கான பதிவு நடந்தது. எம்பிசி சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதே, பிறகென்ன என்று இருந்தேன். அது மாநிலத்துக்கு. மத்திய அரசுத் தேர்வுகளுக்கு ஓபிசி சான்றிதழ் தனி. வருமான விவரத்தோடு தாலுகா ஆபீசில் வாங்க வேண்டும். அதுவும் அந்த வருசம் ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். பெரியவனுக்கு எடுத்த பழசை வைத்துக்கொண்டு சின்னவனுக்கும் ஆகிவிடும் என்று நினைத்தேன். ஆள் வேறு, வருசமும் வேறு, எப்படி ஆகும்! பட்டாசு வாங்கப் போக வேண்டிய நாளில் தாலுகா ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

வாலாஜா பெரியவர்

எங்கள் காலத்தில் டிடி எடுத்து, விண்ணப்பத்தைத் தபாலில் சேர்த்து, அக்னாலெட்ஜ்மெண்ட் அட்டை திரும்பி வரும்வரை தபால்காரர் சைக்கிள் பெல்லுக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருப்போம். கவுன்சலிங் என்றால் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போக வேண்டும். இப்போதெல்லாம் வீட்டிலிருந்தே முடிகிறது, அதற்கும் இவ்வளவு பதற்றமா?

பேர்ணாம்பட்டுப் பையன்

தாத்தா, உங்கள் தபால்காரருக்கு ஓடிபி கிடையாது.

சத்துவாச்சாரி அம்மா

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இதையெல்லாம் என் பெண்ணுக்கு வாசித்துக் காட்டினேன். டீச்சர் சொன்ன ரெக்கார்டு கதைக்கு மட்டும் முகம் மாறியது. அவளுடைய பயாலஜி ரெக்கார்டு இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

காலண்டரில் டிசம்பர் தாளில் முதல் பட்டதாரி சான்றிதழ் என்று பச்சைப் பேனாவால் எழுதினேன். மெயில் ஐடி புதிதாகத் திறந்தாயிற்று, பாஸ்வேர்டு அரிசி டப்பா மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. (சிரிக்காதீர்கள், எங்கள் வீட்டில் தொலையாத ஒரே இடம் அதுதான்.) ஓபிசிக்கு நாளைக்கே தாலுகா ஆபீஸ்.

தறிக்கார அண்ணா, ஒரு சந்தேகம். என் வீட்டுக்காரர் ஐடிஐ, நான் பத்தாவது. ஆனால் அவருடைய அண்ணன் பி.காம். முடித்தவர். ரேஷன் கார்டு தனிதான். முதல் பட்டதாரிக்கு அவரால் சிக்கல் வருமா?

குடியாத்தம் தறிக்காரர்

எங்களிடம் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், இவ்வளவுதான் கேட்டார்கள் அக்கா. என் தம்பி பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன், அந்தப் பொண்ணு வேண்டாம் என்று கையைக் காட்டியது. உங்கள் விஏஓவிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மாமனார், மாமியார் படித்த பள்ளிக்கூடம் எது என்று மட்டும் இப்போதே விசாரித்து வையுங்கள்.