சுண்ணாம்புச் சாந்து வேலை கற்க 41 வயதில் அரசு உதவி கிடைக்குமா?

கேள்வி:
வணக்கம். செட்டிநாட்டு வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு பூசிய கொத்தனார் ஒருவரின் பேரன் நான். ஆனால் பதினைந்து ஆண்டுகளாகத் திருப்பூரில் பனியன் கம்பெனித் தையல்தான். கரணையைக் கையில் பிடித்ததில்லை. பழைய வீடுகளைப் பழுதுபார்க்கச் சுண்ணாம்பு தெரிந்த ஆள் கிடைப்பதில்லை என்று உறவினர்கள் சொல்வதால் ஊர் திரும்ப எண்ணுகிறேன். கைவினைஞர்களுக்கான மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்திலோ மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்திலோ எனக்குப் பயிற்சியும், பயிலும் காலத்துக்கு வருமானமும் கிடைக்குமா?

மறுமொழி 1:
விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்டது. அதன் 18 தொழில்களில் கொத்தனார், தச்சர், சிற்பி ஆகியோர் உண்டு. அடிப்படைப் பயிற்சி ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். மேற்பயிற்சி 15 நாட்களோ அதற்கு மேலோ நடக்கும். நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகையும், கருவிகள் வாங்க 15,000 ரூபாயும், 5 விழுக்காடு வட்டியில் முதலில் ஒரு லட்சம், பிறகு இரண்டு லட்சம் கடனும் உண்டு. ஆனால் பதிவு செய்யும்போதே அத்தொழிலைச் சொந்தமாகச் செய்துகொண்டிருக்க வேண்டும் என்பதால், இனிமேல் கற்கப் போகிறவருக்கு அதில் இடமில்லை. தையற்காரரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார் என்பது வேடிக்கை. கம்பெனிச் சம்பளத் தையல் அதில் சேராது. மேலும், குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை மறுத்த தமிழ்நாடு அரசு அத்திட்டத்தை இங்கே நடைமுறைப்படுத்தவில்லை.

மறுமொழி 2:
அந்த மறுப்பின் தொடர்ச்சியாகத்தான் 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. பரம்பரைத் தொழிலா என்று கேட்பதில்லை. 35 வயது நிரம்பியிருக்க வேண்டும். பட்டியலிலுள்ள 25 தொழில்களில் கட்டட வேலையும் உண்டு. 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, ஆனால் 50,000 ரூபாய்க்கு மேற்படாமல் மானியமும் தருகிறார்கள். இருப்பினும் அது தொழில் நடத்துவதற்கான பணம். கை பழகாதவர் கடனை முதலில் வாங்கிவிட்டால் வட்டிதான் பழகும்.

மறுமொழி 3:
நான் சுண்ணாம்பு வேலை செய்பவன். ஒரு வாரப் பயிற்சி என்கிறார்கள். சாந்தில் சேர்க்கும், கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த நீர் பதத்துக்கு வரவே அதற்கு மேல் ஆகும். நீற்றிய சுண்ணாம்பை ஆறப்போட்டு, மணலோடு அரைத்து, அடுக்கடுக்காகப் பூசி, ஈரம் காயுமுன் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவது வரை எந்த இடத்தில் அவசரப்பட்டாலும் சுவர் வெடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். சிமெண்டு பூசிப் பழகிய கொத்தனார்களே இதில் தடுமாறுகிறார்கள். நானும் 38 வயதில், கோயில் திருப்பணி ஒன்றில் பெரியவர் ஒருவரிடம் சித்தாளாகச் சேர்ந்து, பாதிக் கூலிக்கு ஒன்றரை ஆண்டு நின்றுதான் கற்றேன். அந்த இழந்த கூலியை ஈடுகட்டும் உதவித்தொகைதான் தேவை. அவ்வளவு நீண்ட காலத்துக்கு மேற்சொன்ன இரண்டு திட்டங்களிலும் அது இல்லை.

கேட்டவர்:
நன்றி ஐயா. சித்தாளாக நிற்கும் காலத்தில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யலாமா?

மறுமொழி 3:
தாராளமாகச் செய்யலாம், 18 முதல் 60 வயது வரை பதிவு உண்டு. விபத்து உதவியும் பிள்ளைகளின் கல்வி உதவியும் அதில் கிடைக்கும். வேலையில் சேர்ந்து, தகுதி பெற்றதும் பதிந்துவிடுங்கள். கைவினைத் திட்டக் கடனுக்கான விண்ணப்பத்தை, யார் துணையும் இல்லாமல் ஒரு சுவரைப் பூசி முடித்த பிறகு எழுதுங்கள்.