கப்ளிங் மாட்டும் முன் மோட்டார் சுற்றும் திசையைச் சரிபார்ப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். ரீவைண்டிங் (உள்ளே சுருள் கம்பி மாற்றும் வேலை) முடிந்து வந்த த்ரீ பேஸ் மோட்டாரை, கப்ளிங் (இரண்டு ஷாஃப்டையும் சேர்க்கும் பாகம்) மாட்டிப் பம்போடு இணைக்கணும். இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) ஷாஃப்டில் மரையில் முறுக்கும் வகை; தலைகீழாகச் சுற்றினால் கழன்றுவிடும் என்று பயம். பேஸ் சீக்வென்ஸ் மீட்டர் (மூன்று பேஸின் வரிசையைக் காட்டும் கருவி) லைன் சரி என்கிறது. அது போதாதா?

பதில் 1:
போதாது நண்பரே. அந்த மீட்டர் லைனை மட்டும்தான் பார்க்கும். ரீவைண்டிங்கில் முனைகள் இடம் மாறியிருந்தால் அதற்குத் தெரியாது. கப்ளிங்கைப் பிரித்து, ஷாஃப்ட் கீயையும் (ஷாஃப்டில் கப்ளிங்கைப் பூட்டும் சிறு துண்டு) எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது தெறித்து வரும். ஒரு நொடி ஸ்டார்ட் கொடுத்து உடனே ஆஃப். நிற்கப் போகும்போது பாருங்கள். முழு வேகத்தில் கண் ஏமாற்றும். பம்ப் மேல் உள்ள அம்புக்குறிதான் உங்களுக்குச் சட்டம். தப்பாக இருந்தால் மெயினை அணைத்துப் பூட்டிவிட்டு, ஏதாவது இரண்டு பேஸை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் வரிசையாக நகர்த்தினால் திசை மாறாது. ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் (மோட்டாருக்கு ஆறு வயர் போகும் வகை) என்றால் உள்ளே வரும் லைனில் மாற்றுவதே பாதுகாப்பு.

பதில் 2:
எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதும் முக்கியம். ஐஇசி 60034-8 என்ற சர்வதேசத் தரத்தின்படி, மோட்டார் முனைகளான யு1, வி1, டபிள்யூ1-க்கு லைனின் பேஸ்களான எல்1, எல்2, எல்3-ஐ அதே வரிசையில் கொடுத்தால், ஷாஃப்ட் பக்கமிருந்து பார்க்கையில் வலஞ்சுழி. ஃபேன் பக்கம் நின்றால் எதிராகத் தெரியும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இங்கே இன்னும் கரண்ட் வரவில்லையே, இப்போதே திசையைப் பார்க்க வழி உண்டா?

பதில் 1:
மோட்டார் ரொட்டேஷன் டெஸ்டரை மூன்று முனைகளில் மாட்டி, ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். திசை தெரிந்துவிடும். சப்ளை வந்ததும் லைன் வரிசையை மறுபடி பாருங்கள்.